மார்கழி விடியலில் திக்கும் வண்டி

கேள்வி: செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் பக்கம் எங்கள் ஊர். 2014 மாடல் 100 சிசி பைக், கார்புரேட்டர் வண்டி. விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் கேன்களை மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறேன். கார்த்திகை மழை விட்டுப் பனி விழ ஆரம்பித்ததிலிருந்து ஒரே தொல்லை. சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்ததும் திக்கித் திக்கி நின்றுவிடுகிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் அடைக்கிறது, விட்டால் சைலன்சர் படபடவென வெடிக்கிறது. பத்து நிமிடம் ஓடிவிட்டால் சரியாகிவிடுகிறது. சாயங்காலப் பாலுக்குப் போகும்போது ஒரு குறையும் இல்லை. மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போடலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். பனியில் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கும் என்கிறார் வெளிநாட்டில் இருக்கும் என் மைத்துனர். என்ன செய்யட்டும் ஐயா?

பதில்: இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களே வியாதியைச் சொல்லிவிடுகின்றன. மெதுவான ஓட்டத்தில் உங்கள் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகமாகப் போகிறது. சோக் காற்றை மறிப்பதால் கணக்கு சரியாகி ஓடுகிறது. சோக்கை எடுத்ததும் பழையபடி பட்டினி. ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் வெடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

பழியைப் பனிமேல் போட வேண்டாம். மார்கழியில் செஞ்சியின் விடியல் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இதே மாதிரி 100 சிசி வண்டிகள் டெல்லியில் ஐந்து, ஆறு டிகிரி குளிரில் ஓடுகின்றன. பனி கொட்டும் நாடுகளில் கார்புரேட்டர் வைத்த நான்கு சக்கர ஏடிவி வண்டிகளை உறைநிலைக்குக் கீழேயும் ஓட்டுகிறார்கள். அங்கேயும் காலையில் இன்ஜின் திக்கினால், மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் கொடுக்கும் ஸ்லோ ஜெட்டைப் பார்ப்பார்கள். உங்கள் வண்டியில் இந்தக் குறை வெயில் காலத்திலேயே இருந்திருக்கும், வெளியே தெரியாமல். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. பாதி துளியாகவே மேனிஃபோல்டு சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே குறைவாக வருவதில் அதுவும் போனால் இன்ஜின் எப்படி நிற்காமல் ஓடும்?

இன்றைய பெட்ரோலும் ஒரு காரணம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக வந்து இப்போது ஏறக்குறைய எல்லா பங்கிலும் அதுதான். எத்தனால் ஆவியாக, பெட்ரோலைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பம் வேண்டும். அது தன்னிடமே ஆக்சிஜன் வைத்திருப்பதால் அதே அளவு காற்றுக்கு எரிபொருளும் கொஞ்சம் கூடுதலாகத் தேவை. 2020-இல் பிஎஸ்-6 விதி வந்தபிறகு பெரும்பாலான புது வண்டிகளில் இன்ஜெக்ஷன்தான். அதில் சென்சார் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். உங்கள் கார்புரேட்டரில் நாமே கைவைத்தால்தான் உண்டு.

முதல் வேலை, கார்புரேட்டரில் மிதவை இருக்கும் கப்பின் அடித் திருகைத் தளர்த்தி, அதில் உள்ளதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். இன்ஜின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் பீடியோ விளக்கோ வேண்டாம். பாட்டிலை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு நின்றாலோ, முழுவதும் கலங்கலாக இருந்தாலோ தண்ணீர் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கார்த்திகை மழையில் டேங்க் மூடி வழியாக இறங்கியும் இருக்கலாம். அப்படியானால் டேங்கை முழுதாக வடித்துவிட்டு மூடியின் ரப்பரை மாற்றுங்கள்.

அடுத்தது ஸ்லோ ஜெட். பைலட் ஜெட் என்றும் சொல்வார்கள். என் சந்தேகம் முழுவதும் இதன்மேல்தான். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. லேசாகப் பிசின் படிந்தாலே போதும். கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தாலோ, எதுவும் தெரியாவிட்டாலோ அடைப்பு. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றால் ஊதி எடுங்கள். கம்பி விட்டுக் குத்தவே கூடாது. பித்தளைத் துளை ஒருமுறை அகன்றுவிட்டால் அந்த ஜெட் குப்பைக்குத்தான். மெயின் ஜெட்டைப் பெரிதாக்கச் சொன்னவரிடம் இதைச் சொல்லுங்கள்: மெயின் ஜெட் முக்கால்வாசி ஆக்சிலேட்டருக்கு மேல்தான் பேசும். ஸ்லோவில் நிற்கிற வண்டிக்கு அதனால் பயனில்லை, பெட்ரோல்தான் வீணாகும்.

ஜெட்டை மாட்டியபின் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் மேனிஃபோல்டின் ரப்பரை வளைத்துப் பாருங்கள். 2014 வண்டியில் வெடிப்பு இருப்பது சகஜம். சந்தேகமாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டு இணைப்புகளின்மேல் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. சிலர் இதற்குப் பெட்ரோலை ஊற்றிப் பார்ப்பார்கள். தீப்பிடிக்கும், வேண்டாம்.

கடைசியில்தான் டியூனிங். தொல்லை குளிரில் என்றாலும், டியூனிங்கைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே செய்ய வேண்டும். மிக்சர் ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் கவனியுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் பெட்ரோல் பங்கு கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் நேர்மாறு, வெளியே திருகினால்தான் கூடும். இதைப் பார்க்காமல் திருகித்தான் பல வண்டிகள் கெட்டுப்போகின்றன. கால் கால் சுற்றாகத் திருப்பி, ஓட்டம் மிகச் சீராகவும் வேகமாகவும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து பெட்ரோல் கூடும் பக்கம் எட்டில் ஒரு சுற்று கொடுங்கள், காலைக் குளிருக்கு உதவும். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள். ஜெட் சுத்தமாக இருந்தும், ரப்பர் நன்றாக இருந்தும், இன்ஜின் பக்க ஸ்க்ரூ மூன்று சுற்றுக்கு மேல் கேட்டால், அப்போது ஸ்லோ ஜெட்டில் ஒரு நம்பர் பெரியது போடலாம். மெயின் ஜெட்டில் அல்ல.

பிளக் இடைவெளியையும் டேப்பட்டையும் கம்பெனி புத்தகத்தில் உள்ள அளவுக்கு வைத்துவிடுங்கள். இது வருடா வருடம் செய்ய வேண்டியதுதான்.

மைத்துனர் சொல்வது பொய்யில்லை. சிறிய விமானங்களின் கார்புரேட்டரில், ஈரக்காற்று இருந்தால் 20 டிகிரியில்கூட ஐஸ் பிடிக்கும். ஆனால் ஐஸ் பிடிக்க நேரமாகும். வண்டி முதலில் நன்றாக ஓடி, பிறகு திணற வேண்டும். உங்களுக்கு நடப்பது தலைகீழ்.

எல்லாம் சரியான பிறகும் குளிரில் சோக் தேவைப்படும், அது குறையில்லை. சோக் போட்டு ஆக்சிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள், அரை நிமிடத்தில் பாதியாகக் குறையுங்கள், தெருமுனை தாண்டுவதற்குள் முழுதாக எடுத்துவிடுங்கள். சோக்குடன் பத்து நிமிடம் ஓட்டினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். இன்னொன்று: பனிக்குப் பயந்து மாட்டுக்கொட்டகைக்குள் வைத்து வண்டியைச் சூடேற்றாதீர்கள். சோக்கில் ஓடும் இன்ஜின் கார்பன் மோனாக்சைடை அதிகம் கக்கும், அதற்கு வாசனையே இல்லை. வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.