ஆரவாரம் செய்யலாம், நடமாடக் கூடாது

கேள்வி: ஆகஸ்டில் இண்டியானாபொலிஸில் நடக்கும் டிரம் கோர் (அணிவகுப்பு இசைக்குழு) இறுதிப்போட்டிக்கு மகன் டிக்கெட் எடுத்திருக்கிறான். அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: தாராளமாகக் கைதட்டுங்கள். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு விழும் கைதட்டல் போல, இங்கும் நடுநடுவே ஆரவாரம் செய்வது வழக்கந்தான். மெல்லிய இசைப் பகுதிகளில் மட்டும் பேச்சு வேண்டாம்.

ஒரு குழுவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் எழுந்து நடந்தால் பின்வரிசைக்காரருக்கு மறைக்கும். காபி, கழிவறை எல்லாம் இரு குழுக்களுக்கு இடையில்தான். ஆட்டம் முடியும்வரை பணியாளர் உங்களை வாசலிலேயே நிறுத்திவைத்தால் கோபிக்காதீர்கள். அது அவர் கடமை. அவரும் கத்தாமல், 'இது முடிந்ததும் போகலாம்' என்று சொன்னால் சண்டையே வராது. வீடியோ எடுக்காதீர்கள், இசை உரிமைச் சிக்கல் உண்டு.

பிடிக்காத குழுவைக் கேலி செய்ய வேண்டாம். ஆடுபவர்கள் 22 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். கட்டணம் கட்டி, கோடை முழுக்க வெயிலில் பயிற்சி எடுத்தவர்கள். அவர்களுடைய பெற்றோர் உங்கள் முன்வரிசையிலேயே இருக்கலாம். பார்வையாளர் வரிசையில் உட்காரும் பயிற்சியாளர்களுக்கும் இதுவே விதி: எதிரணியின் பிழைகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டிருப்பது அவர்களுக்கு அழகல்ல.