செட்டை நீச்சல்: பதினான்கு செக்கன்களின் பாடம்



2025 ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் என் தம்பி கைத்தொலைபேசியை நீட்டியபடி ஓடி வந்தான். "ராத்தா, இதப் பாருங்க, மனிசன் மீனப் போல போறான்!" சீனாவின் செங்டு நகரில் அப்போது நடந்த உலக விளையாட்டுகளின் செட்டை நீச்சல் காட்சி அது. காலில் அகன்ற வால் ஒன்றை மாட்டிய வீரர்கள் தடாகத்தைக் கிழித்துக்கொண்டு போனார்கள். நானும் வியந்து பார்த்தேன்.

அதற்குச் சில நாட்களின் பின், தம்பி தன் கூட்டாளிகளோடு களப்பில் இறங்கி, யார் நீருக்கடியில் அதிக நேரம் இருப்பது என்று பந்தயம் பிடித்திருக்கிறான். இறங்குவதற்கு முன் இருபது தடவை பலமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டானாம். அமிழ்ந்தவன் எழும்பவில்லை. கூட்டாளிகள் தலைமுடியில் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். சிறிது நேரத்தில் கண் விழித்தான். உம்மா அழுதுகொண்டே அவனைக் கட்டிப்பிடித்திருந்தபோது அவன் என்னிடம் சொன்ன வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "மூச்சு முட்டவே இல்ல ராத்தா. நல்லாத்தான் இருந்திச்சு."

மூச்சு முட்டாமல் ஒருவன் எப்படி மயங்க முடியும்? உயிரியல் ஆசிரியையிடமும் பௌதிகவியல் ஆசிரியையிடமும் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

செட்டை நீச்சல் என்றால் என்ன?

காலில் செட்டை அணிந்து, தசை வலுவால் மட்டும் நீந்தும் போட்டியே செட்டை நீச்சல். இதில் நான்கு வகைகள் உள்ளன. முதலாவது மேற்பரப்பு நீச்சல். வீரர் நெற்றிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும் சுவாசக் குழாயால் மூச்செடுத்தபடி, முகத்தை நீரில் வைத்து நீந்துவார். தொடக்கத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் 15 மீற்றர் வரைதான் முழுமையாக அமிழ்ந்து செல்லலாம். இரண்டாவது மூச்சடக்கு நீச்சல். 50 மீற்றர் தூரத்தையும் ஒரே மூச்சில் நீருக்கடியிலேயே கடக்க வேண்டும். மூன்றாவதில், அமுக்கப்பட்ட காற்று நிரப்பிய கொள்கலனை இரு கைகளாலும் முன்னே பிடித்து அதிலிருந்து சுவாசித்தபடி நீந்துவார்கள். நான்காவது வகையில் இரு கால்களுக்கும் தனித்தனிச் செட்டைகள்.

முதல் மூன்று வகைகளிலும் பெரும்பாலும் இரு பாதங்களையும் சேர்த்து மாட்டும் ஒற்றைச் செட்டையே பயன்படுகிறது. அதன் அகலம் 76 சென்ரிமீற்றர் வரை இருக்கலாம். கண்ணாடி இழையாலோ காபன் இழையாலோ ஆன தகடும், பாதத்தை இறுக்கிப் பிடிக்கும் இறப்பர் உறையும் அதன் பாகங்கள். அதை அணிந்தவரால் தரையில் ஓர் அடி கூட நடக்க முடியாது.

தம்பி "மீனைப் போல" என்றான். உண்மையில் இது மீனின் அசைவு அல்ல. மீன் வாலை இடமும் வலமுமாக அசைக்கும். ஓங்கில் எனப்படும் டொல்பின் மேலும் கீழுமாக அசைக்கும். அது நம்மைப் போல முலையூட்டி. அதன் முள்ளந்தண்டு வளைவதைப் போலவே செட்டை நீச்சல் வீரரின் உடலும் வளைகிறது.

எங்கிருந்து வந்தது?

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் சிறுவனாக இருந்தபோது, ஓவியர் வர்ணம் குழைக்கும் பலகையைப் போன்ற இரு பலகைகளைச் செய்து, கையில் பிடித்து நீந்திப் பார்த்தார். கதி கூடியது, ஆனால் மணிக்கட்டு களைத்துவிட்டது என்று பிற்காலத்தில் எழுதினார். காலில் அணியும் செட்டைக்கு 1933 இல் காப்புரிமை பெற்றவர் பிரான்சியக் கடற்படை அதிகாரி லூயி டி கோர்லியூ. 1959 இல் நீரடி விளையாட்டுகளுக்கான உலகக் கூட்டமைப்பு உருவானது. கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ அதன் முதல் தலைவரானார். 1967 இல் இத்தாலியில் முதலாவது ஐரோப்பியப் போட்டியும், 1976 இல் ஜேர்மனியின் ஹனோவரில் முதலாவது உலகப் போட்டியும் நடந்தன. ஒற்றைச் செட்டை 1970 களில் சோவியத் யூனியனில் தோன்றி இவ்விளையாட்டின் வேகத்தையே மாற்றியது.

இந்தக் கூட்டமைப்பைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 1986 இல் அங்கீகரித்தது. ஆயினும் செட்டை நீச்சல் இன்னும் ஒலிம்பிக்கில் இல்லை. ஒலிம்பிக்கில் இடம்பெறாத விளையாட்டுகளுக்கான பெரிய அரங்கு உலக விளையாட்டுகள்தான். 1981 இல் கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில் நடந்த முதலாவது உலக விளையாட்டுகளிலேயே செட்டை நீச்சல் இடம்பெற்றது. வழமையாக ஒலிம்பிக் நடந்த மறு ஆண்டில் இவை நடைபெறும். கொரோனாவால் டோக்கியோ ஒலிம்பிக் பிற்போடப்பட்டதால் அமெரிக்காவின் பேர்மிங்காம் போட்டிகளும் 2022 இற்குத் தள்ளிப்போயின. பூப்பந்தாட்டம், தைக்வொண்டோ போன்றவை இங்கிருந்துதான் ஒலிம்பிக்கிற்குச் சென்றன.

செட்டை வலுவைத் தருகிறதா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். செட்டையில்லாமல் 50 மீற்றரை நீந்த உலகின் மிகச் சிறந்த ஆண் வீரருக்கு ஏறத்தாழ 21 செக்கன் தேவை. மூச்சடக்கு நீச்சலில் சிறந்த வீரர்கள் 14 செக்கனுக்குள் முடிக்கிறார்கள். பெண்களில் சிறந்தவர்கள் 16 செக்கனுக்குள் முடிக்கிறார்கள். ஆண்களின் சராசரிக் கதி செக்கனுக்கு 2.4 மீற்றரிலிருந்து 3.6 மீற்றராகிறது. அதாவது ஒன்றரை மடங்கு. நீரின் தடை விசை கதியின் வர்க்கத்துடனும், அதை வெல்லத் தேவையான வலு கதியின் கனத்துடனும் அதிகரிக்கும். எனவே ஏனையவை மாறாதிருந்தால் 1.5 × 1.5 × 1.5, அதாவது மூன்று மடங்கிற்கும் அதிகமான வலு வேண்டும். செட்டையில் இயந்திரம் எதுவும் இல்லையே, அது எங்கிருந்து வருகிறது?

விடை நாம் படிக்கும் உந்தத்தில் இருக்கிறது. நீரைப் பின்னே தள்ளுவதாலேயே நாம் முன்னே செல்கிறோம். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு செக்கனில் 20 கிலோகிராம் நீரைச் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் தள்ளினால் உந்தம் 100 அலகுகள். அந்த நீரின் இயக்கசக்தி ½ × 20 × 25 = 250 யூல். இனி 50 கிலோகிராம் நீரைச் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் தள்ளுவோம். உந்தம் அதே 100 அலகுகள்தான். ஆனால் இயக்கசக்தி ½ × 50 × 4 = 100 யூல் மட்டுமே. தள்ளப்பட்ட நீருடன் போகும் சக்தி நமக்கு வீண். அகன்ற செட்டை அதிக நீரை மெதுவாகத் தள்ளுவதால் வீணாவது குறைகிறது.

மேலும் இரண்டு காரணங்கள் உண்டு. மேற்பரப்பில் நீந்துபவர் அலைகளை எழுப்புவதிலும் சக்தியை இழக்கிறார். ஆழத்தில் செல்பவருக்கு அந்த இழப்புக் குறைவு. கைகள் தலைக்கு முன்னே இணைந்து நீண்டிருப்பதால் தடையும் குறைகிறது. அத்துடன் பிராங்ளினின் மணிக்கட்டைப் போலச் சிறு தசைகள் அல்ல, இடுப்பு, தொடை, முதுகு ஆகியவற்றின் பெருந்தசைகளே இங்கு வேலை செய்கின்றன.

ஆகவே செட்டை புதிதாக வலு எதையும் தருவதில்லை. உடலில் உள்ள வலு வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது. பயிற்சி பெறாத உடலில் அதை மாட்டினால் அது வெறும் பாரம்தான்.

மூச்சு முட்டாமல் மயங்குவது எப்படி?

இப்போது தம்பியின் கதைக்கு வருகிறேன். மூச்சை அடக்கும்போது "இனி முடியாது" என்ற அவதி ஏற்படுவது ஒட்சிசன் குறைவதால் என்றே நான் எண்ணியிருந்தேன். அது தவறு. பிரதானமாகக் குருதியில் காபனீரொட்சைட்டு கூடுவதையே மூளையின் நீள்வளைய மையவிழையம் உணர்ந்து சுவாசிக்கத் தூண்டுகிறது. காபனீரொட்சைட்டுத்தான் நமது எச்சரிக்கை மணி.

பலமாக மூச்சை இழுத்து இழுத்து விடும்போது காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுகிறது. ஒட்சிசனோ பெரிதாகக் கூடுவதில்லை. ஏனெனில் சுகதேகியின் நாடிக் குருதியிலுள்ள ஈமோகுளோபின் சாதாரணமாகவே 95 சதவீதத்திற்கு மேல் ஒட்சிசனால் நிரம்பியிருக்கும். ஆக, தம்பி ஒட்சிசனைச் சேமிக்கவில்லை. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு நீரில் இறங்கியிருக்கிறான். மணி அடிப்பதற்கு முன்பே மூளைக்கு ஒட்சிசன் போதாமல் மயங்கிவிட்டான். "நல்லாத்தான் இருந்திச்சு" என்றது பொய்யல்ல. ஆபத்தும் அதுதான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள்.

அப்படியானால் போட்டியாளர்கள்? அவர்கள் மூச்சை அடக்குவது ஏறத்தாழக் கால் நிமிடம் மட்டுமே. அங்கே போட்டி வேகத்தில், யார் அதிக நேரம் தாங்குவது என்பதில் அல்ல. நீர் தெளிவானது, பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். தம்பி காட்சியைப் பார்த்தான், ஆனால் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் தம்பிமார் இருப்பார்கள். மூன்று விடயங்களை அவர்களுக்குச் சொல்லுங்கள். நீரில் இறங்குமுன் பலமாக மூச்சிழுத்து விடக் கூடாது. மூச்சடக்கும் பந்தயம் பிடிக்கக் கூடாது. பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் இல்லாமல் அமிழக் கூடாது. வெறுமனே "கடலுக்குப் போகாதே" என்றால் கேட்கமாட்டார்கள். காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள். என் தம்பிக்கு இந்த எச்சரிக்கை மணியின் கதையை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அதை அவன் தன் கூட்டாளிகளிடமும் கொண்டுபோய்க் காட்டினான்.

இப்போது அவன் செட்டை வாங்கித் தரும்படி வாப்பாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான். முதலில் முறையாக நீந்தப் பழகட்டும் என்று வாப்பா சொல்லிவிட்டார். கடற்கரை ஊரில் பிறந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. உயர்தரப் பரீட்சை முடிந்ததும், பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கும் தடாகம் ஒன்றைத் தேடி என்னையும் சேர்த்துவிடும்படி நானும் கேட்டிருக்கிறேன்.