நாட்டின் வடிவமும் ஆட்சியும்: வரைபடத்தில் ஒரு பாடம்

உலக வரைபடத்தில் நாடுகளைக் குறிக்கும் பயிற்சியை மாணவர்கள் தவறாமல் செய்கிறார்கள். ஆனால் ஒரு நாடு ஏன் அந்த வடிவில் இருக்கிறது, அதனால் என்ன விளைகிறது என்று கேட்பது குறைவு. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஒரு பாடவேளையில் இதை நடத்தலாம்.

அரசியல் புவியியலில் நாடுகளின் வடிவங்களை ஐந்தாக வகைப்படுத்துவர்.

1. செறிந்த வடிவம்: போலந்து. எல்லாப் பகுதிகளையும் சாலை, ரயில் பாதைகளால் இணைப்பது எளிது.
2. நீள்வடிவம்: சிலி. நீளம் 4,000 கி.மீ.க்கு மேல், சராசரி அகலம் 200 கி.மீ.க்கும் குறைவு. தென்கோடிக்குத் தரைவழியே மட்டும் செல்ல அர்ஜென்டினாவைக் கடக்க வேண்டும்.
3. நீட்சியுள்ள வடிவம்: தாய்லாந்து. தெற்கே குறுகிய நிலப்பகுதி நீண்டு செல்கிறது.
4. துளையுள்ள வடிவம்: தென் ஆப்பிரிக்கா. அதன் நடுவே லெசோத்தோ தனி நாடாக உள்ளது.
5. சிதறிய வடிவம்: இந்தோனேசியா. ஆயிரக்கணக்கான தீவுகள் கொண்டது.

வடிவம் மட்டுமே காரணமா?

பட்டியலோடு நிறுத்தினால் சிதறிய நாடு உடைந்துவிடும் என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டு நாடுகளை ஒப்பிடச் செய்வது நல்லது.

1947இல் உருவான பாகிஸ்தானின் இரு பகுதிகளுக்கும் இடையே சுமார் 1,600 கி.மீ. இந்திய நிலம் இருந்தது. மக்கள்தொகையில் கிழக்குப் பகுதியே பெரியது. தலைநகரமும் அதிகாரமும் மேற்கில் இருந்தன. 1948இல் உருது மட்டுமே அரசு மொழி என்று அறிவிக்கப்பட்டது. 1952இல் டாக்காவில் வங்கமொழிக்காகப் போராடிய மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1956இல் வங்கமொழிக்கு அரசு மொழித் தகுதி கிடைத்தும் மனக்கசப்பு தீரவில்லை. 1970 தேர்தலில் கிழக்கின் அவாமி லீக் பெரும்பான்மை பெற்றும் ஆட்சி அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை. 1971இல் வங்கதேசம் பிறந்தது.

இந்தோனேசியா அதைவிடச் சிதறிய நாடு. அங்கு ஜாவானியரே மிகப்பெரிய இனத்தவர். ஆனாலும் ஜாவானிய மொழியைப் பொதுமொழியாக்கவில்லை. தீவுகளுக்கிடையே வணிகத்தில் வழங்கிய மலாய் மொழியின் அடிப்படையில் அமைந்த இந்தோனேசிய மொழியை ஏற்றனர். பிரிவினைப் போராட்டங்கள் எழுந்தன, கிழக்குத் தைமூரும் பிரிந்தது. எனினும் பெரும்பகுதி ஒன்றாகவே நீடிக்கிறது.

வடிவம் ஆட்சியைக் கடினமாக்கும். நாடு நிலைப்பது அங்குள்ள மக்களுக்குச் சமபங்கு கிடைப்பதைப் பொறுத்தது.

செயல்பாடு

குழுவுக்கு ஒரு நாடு கொடுத்து, எல்லைக்கோட்டை நகல்தாளில் வரையச் செய்யுங்கள். தலைநகரிலிருந்து மிகத் தொலைவான எல்லை வரை நூலால் அளந்து, அளவுகோலின்படி கிலோமீட்டராக மாற்றட்டும். அந்த எல்லையில் வசிப்பவருக்குத் தலைநகர் எவற்றையெல்லாம் செய்துதர வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் மூன்று கருத்துகளை எழுதட்டும்.

மதிப்பீட்டு வினா: பாகிஸ்தான் 1971இல் பிரிந்ததற்கு வடிவம் எவ்வளவு காரணம், ஆட்சி எவ்வளவு காரணம்? சான்றுகளுடன் விளக்குக.