மென்பொருள் மாற்றும் முன் வரைபடம் போடுவோம்



முதலில் நம் அறக்கட்டளையின் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விதவையர் உதவித்தொகைப் பட்டியலை நோட்டிலிருந்து கணினிக்கு மாற்றினோம். ஒரு தாயாரின் பெயர் ரேஷன் அட்டையில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் வேறு விதம், நம் உருதுப் பதிவேட்டில் இன்னொரு விதம். கணினி அவரை மூன்று பேராக எடுத்துக்கொண்டது. இரண்டு மாதம் பணம் போகவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு அவரும் இருந்துவிட்டார். மென்பொருளில் கோளாறு இல்லை. எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் மாற்றியது நம் குற்றம்.

இப்போது நன்கொடை, ஜகாத், கல்வி உதவி, நிக்காஹ் பதிவு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கொண்டுவர மஷ்வரா நடக்கிறது. ஆகவே இந்தப் பாடம்.

நம் பகுதியில் தோல் தொழிற்சாலைக்குப் புது டிரம் வாங்குகிறவர், தண்ணீர் எந்தக் குழாயில் வரும், கழிவுநீர் எந்தக் குழாயில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் என்று பார்க்காமல் வாங்குவாரா? கணினியிலும் அப்படியே. இருக்கும் அமைப்பை முழுதாக வரைந்து பார்ப்பதை 'எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்' ஆய்வு என்பர். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் சாக்மேன் 1987இல் இதற்கு ஒரு சட்டகம் தந்தார். 1995இல் வந்த 'டோகாஃப்' முறை இன்று பரவலாக உள்ளது. அது நான்கு அடுக்குகளைப் பார்க்கச் சொல்கிறது: வேலை, தரவு, மென்பொருள், கருவிகள்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும்? பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாறியது. தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது; புதிய அமைப்புதான் பழுதானது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தனர். 2022 டிசம்பரில் வங்கிக்கு 4.8 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. வக்ஃபு சொத்துகளுக்கான 'உமீத்' இணையதளம் 2025 ஜூன் 6 அன்று தொடங்கியது. அவகாசம் ஆறு மாதம். முத்தவல்லி பதிவேற்ற, வாரியம் சரிபார்க்க, அதிகாரி அங்கீகரிக்க வேண்டும் என மூன்று படிகள். அவகாசம் முடிந்தபோது 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சொத்துகளுக்குப் பதிவு தொடங்கியிருந்தது. அங்கீகாரம் வரை போனவை 2 லட்சத்துக்குச் சற்று மேல்தான். அந்தச் சட்டம் பற்றிய கருத்து எதுவாயினும், பத்திரம், சர்வே எண், அளவு மூன்றையும் முன்பே ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்கே வேலை எளிது என்பதில் ஐயமில்லை.

ஆகவே எந்த மென்பொருளையும் வாங்கும் முன் நான்கு கேள்விகள்:

1. வேலை: ஒரு மனு வந்தது முதல் பணம் கைசேரும் வரை யார் யார் கையெழுத்து? தேவையற்ற படி எது?

2. தரவு: ஒரே குடும்பம் எத்தனை பதிவேட்டில் உள்ளது? எந்தப் பெயர் சரியானது?

3. மென்பொருள்: ஜகாத்தையும் பொது நன்கொடையையும் தனித்தனியே வைக்குமா? இரண்டும் கலந்தால் அது வசதியல்ல, அமானத்துக்குச் செய்யும் துரோகம். விற்றவர் நாளை தொழிலை விட்டால் நம் தரவை வெளியே எடுக்க முடியுமா?

4. கருவிகள்: மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு? நகல் எங்கே இருக்கும்? கடவுச்சொல் எத்தனை பேரிடம்?

பதில் கிடைத்தபின் ஒவ்வொரு பிரிவாக மாற்றுவோம். மூன்று மாதம் பழைய நோட்டும் புதிய கணினியும் சேர்ந்தே நடக்கட்டும். இரண்டு கணக்கும் ஒத்துவந்த பிறகே நோட்டை மூடுவோம். கடை, பள்ளிக்கூடம், தொழிற்சாலை நடத்துகிறவர்களுக்கும் இதே வழிதான்.

உதவி பெறும் குடும்பத்தார் ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் கணினித் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் தந்தால் பேருதவி. பணம் வராத தாய்மார்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. இன்ஷா அல்லாஹ், இம்முறை யாரும் விடுபடக் கூடாது.

வஸ்ஸலாம்.
செயலாளர்