பழைய வேட்டியும் சுடு பாத்திரமும்

நைந்த வேட்டியையும் கிழிந்த சட்டையையும் உங்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள்? பொத்தான்களைக் கத்தரித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, துணியைத் தரை துடைக்கவோ, சைக்கிள் துடைக்கவோ, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கவோ எடுத்து வைப்பார்கள். நல்ல வழக்கந்தான். ஆனால் எந்தத் துணி எந்த வேலைக்கு ஏற்றது என்று பார்த்துப் பிரிக்காவிட்டால் கை வெந்துபோகக் கூடும்.

பொத்தான் டப்பாவிலிருந்தே தொடங்குவோம். பொத்தான்களைக் கழுவி உலர்த்தி, ஒவ்வொன்றாக மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே அறையில் கிடந்தவைதாம். எனினும் சில மட்டும் சில்லென்றிருக்கும். அவை சிப்பியாலோ உலோகத்தாலோ ஆனவை. உதட்டின் வெப்பத்தை அவை விரைந்து கடத்திச் செல்கின்றன. பிளாஸ்டிக் பொத்தானோ அரிதிற்கடத்தி. இந்த வெப்பங்கடத்தல் சமையலறையில் நமக்கு மீண்டும் தேவைப்படும்.

இனித் துணிக்கு வருவோம். புதிய பருத்தி வேட்டியில் ஒரு துளி நீரை விடுங்கள். சற்று நேரம் முத்துப்போல் நிற்கக் கூடும். பலமுறை துவைத்த வேட்டியில் அதே துளி உடனே பரவி மறையும். ஏன்? நெய்யும்போது பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சியும், பருத்தி இழையில் இயற்கையாகவே உள்ள மெழுகும் புதுத்துணியில் எஞ்சியிருக்கலாம். துவைக்கத் துவைக்க அவை நீங்குகின்றன. பருத்தி செல்லுலோஸால் ஆனது. அதன் மூலக்கூறுகள் நீரை நன்கு கவர்பவை. மேலும் இழைகளுக்கு இடையேயுள்ள சந்துகள் நுண்புழைக் குழாய்களாகச் செயல்படுகின்றன. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஏறும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் உயரம் பத்து மடங்காகும். நூலிழைச் சந்துகளோ அதைவிடவும் நுண்மையானவை! துடைக்கும் துணிக்குப் பழைய வேட்டியை மிஞ்ச எதுவுமில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

பாலியெஸ்டர் இவ்வாறன்று. ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடு உள்ள காற்றில் பருத்தி தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்று வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காடு கூட ஏற்பதில்லை. அதனால் தரையில் சிந்திய நீரை அது இங்கிருந்து அங்கே தள்ளுமே தவிர, உறிஞ்சாது. தூசி தட்டவும் பை தைக்கவும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

துணி எதனால் ஆனது என்பதை நீர்த்துளி உறுதியாகக் காட்டாது. அதற்கு நெருப்புதான் சாட்சி. பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, துணியிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, நீருள்ள தட்டின் மேல் எரித்துப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு, உருகி, கெட்டியான உருண்டையாகும். டெரிகாட்டன் என்றால் சிறிது எரிந்து சிறிது உருகும்.

இப்போது சமையலறைக்குப் போகலாம். பாலியெஸ்டர் சுமார் 255 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உருகத் தொடங்குகிறது. காய்ந்த இரும்புத் தோசைக்கல் இந்த வெப்பநிலையை எட்டக் கூடியது. அடுப்புச் சுடர் அதைவிடப் பன்மடங்கு சூடானது. உருகிய இழை தோலில் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் விடாது. பருத்தி தீப்பற்றும், கருகும், ஆனால் உருகாது. ஆகவே கரித்துணிக்குப் பருத்தியே வேண்டும். பளபளக்கும் பழைய நைலக்ஸ் புடவைத் துண்டை அடுப்பங்கரையில் கண்டால் அப்புறப்படுத்துங்கள்.

பருத்தியாக இருந்தால் மட்டும் போதுமா? அது உலர்ந்தும் இருக்க வேண்டும். மடித்த துணி கையைக் காப்பது பெரும்பாலும் அதற்குள் சிக்கிய காற்றினால்தான். அசையாத காற்றைப்போல் இருபது மடங்குக்கும் மேலாக நீர் வெப்பத்தைக் கடத்தும். பாத்திரம் தேய்த்த ஈரத் துணியாலேயே கொதிக்கும் குழம்புச் சட்டியைப் பிடித்தால், சந்துகளில் காற்றுக்குப் பதில் நீர் நிற்கிறது. சூடு நொடியில் விரலை எட்டுகிறது. பிடித்தவர் சட்டியை நழுவ விடுகிறார். துணியை உறிஞ்சுவதில் சிறந்ததாக்கிய அதே நுண்புழைகள் இங்கே பகையாகின்றன!

எனவே கரித்துணியைத் தனியே தைத்துவிடுங்கள். நைந்த வேட்டியில் கிழிசல் இல்லாத பகுதியை வெட்டி, எட்டு மடிப்பாக மடித்து, ஓரத்தைச் சுற்றிலும் நடுவில் இரண்டு வரிசையும் பருத்தி நூலாலேயே ஓட்டுத் தையல் போடுங்கள். இழுத்து இறுக்கித் தைத்தால் காற்று வெளியேறிவிடும், தளரவே தையுங்கள். ஒரு மூலையில் டப்பாவிலுள்ள சிப்பிப் பொத்தான் ஒன்றைத் தைத்து, கயிற்றுக் கண்ணியில் மாட்டி, தொட்டிக்கும் அடுப்புக்கும் எட்டத் தொங்கவிடலாம்.