கரடிப்பூவலைத் திரையில் பார்த்த மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றி எடுத்த ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம புத்தளத்தைச் சொல்றாங்களே சாச்சா, இதெல்லாம் உண்மையா?" என்று கேட்டிருந்தாய். ஊடகக் கற்கைப் பாடத்துக்கு அதைப் பற்றியே எழுதப் போவதாகவும் சொன்னாய். எழுது. ஆனால் உண்மையா பொய்யா என்ற ஒற்றைக் கேள்வியோடு உட்கார்ந்தால் ஒன்றும் பிடிபடாது. நீதிமன்றம் தீர்த்து வைத்தது, ஒருவர் கண்ணால் கண்டது, ஒருவர் காதால் கேட்டது எல்லாம் அந்தப் படத்தில் ஒரே தொனியில் வருகின்றன. உன் முதல் வேலை அவற்றைப் பிரிப்பது.

கொல்லப்பட்ட பொலிஸாரிலிருந்து தொடங்கு. 2018 நவம்பர் 30 விடியலில், மட்டக்களப்பு வவுணதீவில், வலையிறவுப் பாலத்தருகே காவலில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். அவர்களுடைய கைத்துப்பாக்கிகளும் காணாமற் போயின. மூன்று நாளைக்கு முன்புதான் புலிகளின் மாவீரர் தினம் போயிருந்தது. ஆகவே சந்தேகம் யோசிக்காமலே முன்னாள் புலிகள் பக்கம் திரும்பியது. ஒரு முன்னாள் போராளி பிடிபட்டு மாதக்கணக்கில் தடுப்புக்காவலில் கிடந்தார். கொன்றது, உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் ஆட்கள் என்பது அந்தத் தாக்குதலுக்குப் பிறகுதான் வெளியே வந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசி. அந்தக் கொலைக்குச் சரியான விடை டிசம்பரிலேயே கிடைத்திருந்தால், ஏப்ரலுக்கு முன்னால் நான்கு மாதம் கையில் இருந்திருக்கும். விசாரணையைத் திட்டமிட்டே திசை திருப்பினார்கள் என்பது படத்தின் குற்றச்சாட்டு. திசை மாறியது நடந்த விஷயம். மாற்றியது யார், ஏன் என்பது நிரூபிக்க வேண்டிய விஷயம். உன் கட்டுரையில் இரண்டையும் ஒரே வசனத்துக்குள் போட்டுவிடாதே.

அடுத்தது நமது பக்கத்துக் கதை. 2018 டிசம்பர் கடைசியில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு குற்றப் புலனாய்வுத் திணைக்களம் 2019 ஜனவரி நடுவில் நமது மாவட்டத்து வனாத்தவில்லுக்கு வந்தது. ஒரு தென்னந்தோட்டத்தில் சுமார் 100 கிலோ வெடிபொருளும் டெட்டனேட்டர்களும் அகப்பட்டன. நான்கு பேர் கைதானார்கள். இந்த விசாரணைக்கு உதவிய மாவனல்லை முஸ்லிம் ஒருவரை மார்ச் மாதம் வீடு புகுந்து, படுக்கையிலேயே தலையில் சுட்டார்கள். உயிர் தப்பினார், உடல் முடங்கிப் போனது. "முஸ்லிம்கள் ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்கிறவர்களுக்கு இந்த மனிதரைப் பற்றித் தெரிவதில்லை. கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

பிறகு ஏப்ரல் 4ஆம் திகதி தாக்குதல் நடக்கலாம் என்று இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 21ஆம் திகதி காலையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று பிற்பகல், குண்டுதாரிகள் இருவரின் தெமட்டகொட வீட்டைச் சோதனையிட பொலிஸார் போனார்கள். உள்ளேயிருந்த பெண் குண்டை வெடிக்க வைத்தாள். அவளும் அவளுடைய பிள்ளைகளும் இறந்தார்கள். ஓர் உப பொலிஸ் பரிசோதகரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் இறந்தார்கள். வவுணதீவு இருவர், தெமட்டகொட மூவர். மேலிடத்துக்கு எந்தக் கடிதம் வந்தது, அது எந்த மேசையில் கிடந்தது என்பதெல்லாம் இந்த ஐந்து பேருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. ஜனாதிபதிகளையும் தளபதிகளையும் சுற்றும் படங்களில் இப்படிப்பட்டவர்களுக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். உன் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு முழுப் பந்தி கொடு.

இனி கரடிப்பூவல். 2023 செப்டம்பர் 5ஆம் திகதி ஒளிபரப்பான அந்தப் படத்தின் முக்கிய சாட்சி ஆசாத் மௌலானா, ஆயுதக் குழுத் தலைவராக இருந்து அரசியலுக்கு வந்த பிள்ளையானின் முன்னாள் பேச்சாளர். 2018இன் தொடக்கத்தில் புத்தளத்துக் கரடிப்பூவலில் உள்ள தென்னந்தோட்டமொன்றில் இராணுவப் புலனாய்வு அதிகாரி சுரேஷ் சலேயும் சஹ்ரானின் குழுவும் சந்தித்ததாகவும், அந்தச் சந்திப்பைத் தானே ஏற்பாடு செய்ததாகவும் அவர் சொல்கிறார். ஆனால் அந்தப் பேச்சில் தான் உட்காரவில்லை என்றும், கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியாக வேண்டுமென்றால் நாட்டில் பாதுகாப்பற்ற நிலை வர வேண்டும் என்று சலே பிறகு தன்னிடம் சொன்னார் என்றும் அவரே கூறுகிறார். சலே இதை மறுக்கிறார். அந்தக் காலத்தில் தான் மலேசியாவில் பணியில் இருந்ததாகச் சொல்கிறார். கோட்டாபயவும் மறுத்தார். இந்தக் குற்றச்சாட்டுகளை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி இமாம் தலைமையில் ஒரு குழுவும் அமைக்கப்பட்டது.

இங்கே நீ மூன்று அடுக்காகப் பார்க்க வேண்டும். ஏற்பாடு செய்தேன் என்பது அவர் தானே செய்த காரியம். பயணப் பதிவு, தொலைபேசிப் பதிவு, தோட்டத்தில் இருந்த வேறு ஆட்கள் மூலம் சோதித்துப் பார்க்கலாம். உள்ளே என்ன பேசினார்கள் என்பது செவிவழி. அதனால்தான் தாக்குதல் நடந்தது என்பது ஊகம். முதல் அடுக்கு உறுதியானாலும் மூன்றாவது தானாக உறுதியாகிவிடாது. அதேபோல, சாட்சி சொல்கிறவர் பழைய ஆயுதக் குழுவோடு இருந்தவர், வெளிநாட்டில் தஞ்சம் கேட்டவர் என்பதற்காக அவர் சொன்னதெல்லாம் பொய்யென்று தள்ளவும் முடியாது. உள்வீட்டு இரகசியம் உள்வீட்டில் இருந்தவனுக்குத்தானே தெரியும்!

தீர்ந்த விஷயமும் உண்டு. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவுக்கும் அரச புலனாய்வுத் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவுக்கும் தலா ஏழரைக் கோடி. கவனித்துப் பார், அந்தத் தீர்ப்பு கடமை தவறியதைப் பற்றியது. சதி நடந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பி முகநூலில் எழுதுகிறவர்கள் ஏராளம்.

குழப்பினால் என்ன நடக்கும் என்பதை நமது மாவட்டம் பார்த்திருக்கிறது. 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரரின் முகநூல் பதிவை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு கூட்டம் கிளம்பியது. மறுநாள் கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளியை அவர் வீட்டிலேயே வெட்டிக் கொன்றார்கள்.

படத்தை இன்னொரு தரம் பார். இம்முறை கொப்பியில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் சொன்னவர் யார், வலப்பக்கம் அது அவருக்கு எப்படித் தெரியும் என்று எழுதிக்கொண்டு போ. வலப்பக்கம் வெறுமையாக விழுகிற வரிகளுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடு, அடித்து அழிக்காதே. கட்டுரை முடிந்ததும் அனுப்பு. சலேயின் மறுப்பை விட்டுவிட்டாயா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உன் சாச்சா,
புத்தளம்.