குழலும் குண்டும் குறியும்

பதுளை நகரிலுள்ள புனித மாற்குத் தேவாலயத்தை நம் பழைய மாணவர் பலரும் அறிவர். அது மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது என்பதைச் சிலரே அறிவர். பதுளையில் அதிகாரஞ் செலுத்திய அவர் 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். 1845ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். யானையையும் வீழ்த்தும் துப்பாக்கி எவ்வாறு வளர்ந்தது, அவ்வளர்ச்சி நமக்கு உணர்த்துவது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

அக்காலத்து வேட்டைக்காரரிற் பெரும்பாலார் கையாண்ட துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பானது. ஈயவுருண்டை குழலினும் சிறிது சிறியதாதலின், உட்சுவரில் அங்குமிங்கும் மோதியே வெளிவரும். இறுதியாக மோதிய பக்கத்திற்கேற்ப வழிவிலகும். ஆதலின் வேடன் விலங்கிற்கு மிக அண்மையிற் சென்றே சுட வேண்டியிருந்தது.

இக்குறையைத் தீர்த்தது றைபிள். அதன் குழலின் உட்சுவரிலே திருகாணியின் புரிபோல வரிகள் வெட்டப்பட்டுள்ளன. குண்டு அவ்வரிகளைப் பற்றிச் சுழன்று வெளிப்படும். சுழலும் பம்பரம் சாயாது நிற்றல் போலச் சுழலும் குண்டும் நெறி பிறழாது செல்லும். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரைக் கொண்டு 1840இல் ஒரு றைபிள் செய்வித்திருந்தார். அதன் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். அந்நீளத்துள் வரி ஒருமுறை சுற்றி வரும். உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ். மருந்து 1 அவுன்ஸ்.

பின்னர்ப் புகையில்லா மருந்தும் பித்தளைத் தோட்டாவும் வந்தன. 1912இல் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனத்தார் வெளியிட்ட .375 தோட்டாவின் குண்டு 300 கிறெயின் நிறையுடையது. பேக்கரின் குண்டிற் காற்பங்குமில்லை. ஆயினும் அது விநாடிக்கு ஏறக்குறைய 2500 அடி செல்லும். வேகம் இருமடங்காயின் ஆற்றல் நான்மடங்காதலின், நிறைக்குறைவை வேகம் பெருமளவு ஈடுசெய்தது.

குண்டைத் தெரிதலும் ஒரு கலையே. மென்முனைக் குண்டு உடலுட் புகுந்ததும் விரியும்; மான், பன்றி முதலியவற்றிற்கு அது ஏற்றது. யானையின் தலையெலும்பிலோ அது சிதைந்து, விலங்கைக் கொல்லாது புண்படுத்தும். ஆங்கு வேண்டுவது விரியாத திண்குண்டு. அத்திண்குண்டு மானின் மெல்லுடலை ஊடுருவிப் போய்விடும். புண்பட்ட மான் காட்டில் நெடுநேரம் வருந்திச் சாகும்.

இவ்வளவு ஆராய்ச்சியும் எதற்காக? குறித்த விலங்கு, குறித்த இடத்தில், துன்பம் நீளாது வீழ்தற்பொருட்டே. வரியும் தோட்டாவும் எத்துணைச் சிறந்தனவாயினும், எதைச் சுடுகின்றோம் எனக் காணும் கண்ணொன்று பின்னே இருத்தல் வேண்டும்.

அக்கண் இல்லாத கருவியொன்று நம் ஊவாத் தோட்டப்புறங்களில் இன்றும் உண்டு. அதுவே கட்டுத்துவக்கு. இரும்புக் குழாயில் மருந்தும் சன்னமும் இட்டு, பன்றி வரும் தடத்திற்குக் குறுக்கே கயிறு கட்டி வைப்பர். கயிற்றை இடறியது பன்றியா, விறகுக்குச் சென்ற தாயா, பள்ளிவிட்டு வந்த சிறுவனா என அது கேளாது. தாழக் கட்டப்படுதலின் காலையே சிதைக்கும். அதனை வைத்தல் சட்டப்படி குற்றம். பயிரைப் பன்றி அழித்தல் மெய்யே. வறியவன் வயிறெரிதலும் மெய்யே. ஆயினும் வேலியும் காவலும் செய்யவேண்டிய வேலையைக் குருட்டுக் குழாயிடம் ஒப்படைத்தல் தகாது.

யானைகளைக் காக்க 1891இலும், வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்க 1937இலும் இந்நாட்டிற் சட்டங்கள் எழுந்தன. சட்டம் நூலில் நிற்கும். தோட்டத்துப் பாதையில் நடப்போர் நம் மாணவரும் அவர்தம் பெற்றோருமே. மாணவர்காள்! தடத்திற்குக் குறுக்கே கயிறு கண்டால் தொடாது திரும்புங்கள், பெரியோர்க்கு அறிவியுங்கள். கட்டுவோன் உறவினனாயின் அஞ்சாது எடுத்துரையுங்கள். கற்றதன் பயன் அதுவேயாம்.